ஓசூர்ச் சாலையும் மெழுகு ஏடுகளும்

பெங்களூரில் 'ஓசூர் சாலை' என்று ஒரு நெடுஞ்சாலை உண்டு. ஓசூர்க்காரர்களுக்கு அதே சாலை 'பெங்களூர் ரோடு'. இரண்டு முனைகளிலும் இருப்பவர்கள் எதிர்முனையின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஓசூரிலிருந்து புறப்பட்டு அத்திப்பள்ளியில் மாநில எல்லையைக் கடந்தால் பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை வளாகம் வரும். அதற்குள் 2009இல் தொடங்கிய மஜும்தார்-ஷா புற்றுநோய் மையம் இருக்கிறது. மேலே சென்று சாலையிலிருந்து சற்றே விலகினால் கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. சாலையின் நகர முனையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமும், அதை ஒட்டி நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடபகுதி மக்களுக்குப் பெரிய நோய் வந்தால் சென்னை தொலைவு; இந்தச் சாலைதான் அருகு.

இவை போன்ற பெரிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றின் நோயியல் துறையிலும் பார்வையாளர் கண்ணில் படாத ஓர் அறை இருக்கும். இரும்பு அலமாரிகளில் சிறிய இழுப்பறைகள். அவற்றில் வரிசை எண்ணிட்ட, தீப்பெட்டியைவிடச் சிறிய மெழுகுத் துண்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவர் உடலிலிருந்து எடுத்த திசு உறைந்திருக்கிறது. ஆய்வகத்தார் இதை 'பிளாக்' என்பார்கள். நோயாளிகளும் அந்தச் சொல்லை விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து வேறொன்றுக்கு மாறுகிறவர்கள் கோப்போடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் பிளாக்கையும் கண்ணாடிச் சில்லுகளையும் பேருந்தில் எடுத்துப் போவது நம் ஊர்களில் இயல்பான காட்சி.

ஒரு தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் இதை மருத்துவமாக அல்ல, சுவடித் துறையின் கண்ணால் பார்க்கிறேன். எழுதப்பட்ட காலத்தில் எவரும் எதிர்பாராத கேள்விக்குப் பிற்காலத்தில் விடை தருவதே நல்ல ஆவணத்தின் இயல்பு. அந்த இயல்பு இந்த மெழுகுத் துண்டுக்கு முழுமையாக உண்டு. ஆவணத்துக்கு நேரக்கூடிய எல்லா அழிவுகளும் அதற்கும் உண்டு.

*

இந்த ஏடு உருவான கதை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடந்தது. திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து, மெழுகோடு சேர்த்து மெல்லிய சீவலாக அரியும் முறையை எட்வின் கிளெப்ஸ் 1869இல் கையாண்டார் என்பது மருத்துவ வரலாற்று நூல்கள் தரும் செய்தி. மெக்சிகோப் பகுதியில் வளரும் காம்பெச்சே மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹீமடாக்சிலின் என்ற சாயமும், ஆலையில் செய்யப்பட்ட இயோசின் என்ற செஞ்சாயமும் 1870களில் இணைந்தன. இன்றும் உலகெங்கும் நோயியலாளர் நுண்ணோக்கியில் காணும் ஊதாவும் இளஞ்சிவப்பும் அந்த இணையின் நிறங்களே.

குறைவாக இருந்தது பதம் செய்யும் திரவம். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற இளம் மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் தோல் கெட்டிப்பட்டிருப்பதைக் கவனித்தார். விரலைக் கெட்டியாக்குவது திசுவையும் கெட்டியாக்கும் என்று 1893இல் அவர் எழுதினார். ஃபார்மலின், மெழுகு, சாயம் ஆகிய மூன்றும் கூடியபின் முறை பெரிதாக மாறவில்லை. வெட்டியெடுத்த கட்டியை ஃபார்மலினில் இடுவது, நீர் நீக்குவது, உருகிய மெழுகில் பதிப்பது, 3 முதல் 5 மைக்ரான் தடிப்பில் அரிவது, சாயமேற்றிப் பார்ப்பது. அறிக்கை எழுதியானதும் பிளாக் அலமாரிக்குப் போய்விடும்.

கவனிக்க வேண்டியது, இதைச் செய்தவர்கள் எதிர்கால ஆராய்ச்சிக்காகச் செய்யவில்லை. நோய் இது என்று சொல்வதே நோக்கம். ஐயம் எழுந்தால் மீண்டும் பார்க்கலாம் என்பதற்காக மிச்சத்தை வைத்தார்கள். மிச்சம் சேர்ந்து சேர்ந்து நூலகமாயிற்று. மெழுகுக்குக் குளிர்பெட்டி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். திரவ நைட்ரஜனில் திசுவை உறையவைக்கும் வங்கிகள் பின்னால் வந்தன. அவற்றில் மரபணு சிதையாமல் கிடைக்கும். ஆனால் செலவு பெரிது. பிளாக் ஏழையின் சேமிப்பு. எங்கும் இருப்பது, அறை வெப்பத்தில் கிடப்பது, அதனாலேயே எளிதில் புறக்கணிக்கப்படுவது.

நெடுங்காலம் அந்த நூலகத்தின் பெரும்பகுதி வாசிக்க முடியாததாகவே இருந்தது. ஃபார்மலின் திசுவைக் காப்பாற்றும்போதே அதன் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டிவிடுகிறது. மரபணு இழைகளைத் துண்டு துண்டாக்குகிறது. பூட்டு ஒவ்வொன்றாகத்தான் திறந்தது. பிளாக்கிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க இயலும் என்று 1985இல் கோயல்ஸ், ஹாமில்டன், வோகல்ஸ்டீன் ஆகியோர் காட்டினர். 1991இல் ஷி என்பவரும் அவர் கூட்டாளிகளும் சீவல்களை நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் பூட்டப்பட்ட புரதங்கள் மீண்டும் அடையாளம் காட்டுகின்றன என்று கண்டனர். சமையலறைக் கருவியால் ஒரு நூற்றாண்டு ஏடுகள் திறந்தன என்று சொன்னால் சற்றே மிகைதான். பெரிய மிகை அல்ல.

1997இல் உலகம் வியந்த செய்தி வந்தது. 1918இல் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றில் விஷக்காய்ச்சலால் இறந்த 21 வயதுப் படைவீரனின் நுரையீரல் திசு, படைத்துறை நோயியல் நிலையத்தின் அலமாரியில் ஏறத்தாழ 80 ஆண்டுகள் கிடந்தது. ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு அதிலிருந்து அந்தக் கொள்ளைநோய்க் கிருமியின் மரபணுத் துண்டுகளை மீட்டது. அந்த பிளாக்கைச் செய்தவருக்கு அதில் இருந்தது எந்தக் கிருமி என்று தெரியாது. விஷக்காய்ச்சல் ஒரு வைரஸால் வருகிறது என்பதே அப்போது நிறுவப்படவில்லை. அவர் செய்தது ஒன்றே. முறையாகப் பதித்தார், பெயரும் நாளும் எழுதி வைத்தார்.

*

புற்றுநோய்க்கு வருவோம். இங்கே 1982 என்ற ஆண்டை நினைவில் கொள்ளுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கான 'பி-14' என்ற மருத்துவச் சோதனை தொடங்கியது. கழலைகளுக்குப் பரவாத, ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி கொண்ட பெண்களுக்கு டாமாக்சிஃபென் மாத்திரை பயன் தருமா என்பது கேள்வி. பயன் தரும் என்று விடை கிடைத்தது. அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கட்டிகளின் பிளாக்குகள் காக்கப்பட்டன. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னர் என்ன ஆயிற்று என்ற குறிப்பும் ஆண்டுதோறும் தொடர்ந்து எழுதப்பட்டது. 2004இல் சூன்மியுங் பைக் தலைமையிலான குழு அந்தப் பழைய பிளாக்குகளில் 668 பெண்களுடையவற்றை எடுத்து 21 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்தது. யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லும் ஒரு சோதனை அதிலிருந்து பிறந்தது. 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைச் சரிபார்த்த ஆய்வு 2018இல் வெளியானபோது, இந்த வகைக் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கீமோதெரபி தேவையில்லை என்று தெளிவாயிற்று. முடி உதிராமல், குமட்டலில் வாடாமல், நரம்புகள் மரத்துப்போகாமல் இன்று எத்தனையோ பெண்கள் நடமாடுவதற்குக் காரணம், 1980களில் யாரோ எறியாமல் வைத்த மெழுகுத் துண்டுகள்.

கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதுபோல் நடந்தது. 1983இல் ஹெரால்ட் சுர் ஹவுசன் பாப்பிலோமா வைரசின் 16ஆம் வகையை நோயாளிகளின் திசுவில் கண்டார். அதற்காக 2008இல் நோபெல் பரிசு பெற்றார். உலகெங்கும் அந்த வைரஸ்தானா, எந்தெந்த வகை என்ற கேள்விக்கு 2010இல் வெளிவந்த ஆய்வு 38 நாடுகளின் மெழுகு பிளாக்குகளைத் திரட்டி விடை தேடியது. 10,575 திசுக்களில் 85 விழுக்காட்டில் வைரஸ் இருந்தது. அவற்றுள் 71 விழுக்காடு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'செர்வாவேக்' தடுப்பூசி உட்பட இத்தகைய தடுப்பூசிகள் எல்லாம் அந்த இரு வகைகளையும் குறிவைப்பவை. இறந்துபோன பெண்களின் திசு பிறக்கப்போகும் பெண்களுக்குக் காவலாக நிற்கிறது. நம் நடுகற்களின் பொருளும் ஏறத்தாழ இதுதான்.

*

அதே 1982 ஜனவரியில் இந்தியாவிலும் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் மக்கள்தொகை அடிப்படையில் கணக்கெடுக்கத் தொடங்கியது. பெங்களூரில் பொறுப்பேற்றது கித்வாய். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம்.

நம்மிடம் மரபு இல்லாமல் இல்லை. 1941இல் பம்பாயில் திறந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வகத்தை நடத்திய வி. ஆர். கானோல்கர், புற்றுநோயை இந்தியரின் பழக்கவழக்கங்களோடு சேர்த்து ஆராய்ந்தவர். திசுவுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது என்று அறிந்த நோயியலாளர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் குடிசைகளில் 12 படுக்கைகளோடு எழுந்த நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோர் கையில் வளர்ந்தது. நோயாளி ஊருக்குத் திரும்பிய பிறகும் அவரைத் தொடர்ந்து விசாரிப்பதை அந்நிலையம் தன் கடமையாகக் கொண்டது. பின்னாளில் அங்கே கட்டித் திசு வங்கியும் அமைந்தது. 2011இல் வெளியான அவர்களது கருப்பைவாய்ப் புற்றுநோய் மரபணு ஆய்வு அந்த வங்கியில் நோயாளிகளின் ஒப்புதலோடு சேமித்த பொருளிலிருந்து எழுந்தது. ஓசூர்ச் சாலையில் நிம்ஹான்ஸில் டாக்டர் எஸ். கே. சங்கர் முன்னின்று 1995இல் நிறுவிய மூளைத் திசு வங்கி நாட்டிலேயே முன்னோடி. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி செயல்படுகிறது. அந்த நிறுவனம் 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' என்ற தொகுப்பை வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களை வாசித்து உருவாக்கியது அது.

இதன் தேவை என்ன என்றால், 2006இல் அமெரிக்கா தொடங்கிய மாபெரும் புற்றுநோய் மரபணு வரைபடத்தில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் இடம்பெற்றாலும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். இந்த வரைபடங்களைக் கொண்டுதான் மருந்துகளும் சோதனைகளும் வடிவமைக்கப்படுகின்றன. வரைபடத்தில் இல்லாத ஊருக்கு அதைப் பார்த்து வழி கண்டுபிடிக்க முடியாது.

*

இப்போது எங்கள் எல்லைக்கு வருகிறேன்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டத்தில் நின்றது. 1965இல் தர்மபுரி மாவட்டத்துக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் நிலம். 1970களில் சிப்காட் வந்தது. அதன்பின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள்: முலாம் பூசுவோர், வண்ணம் தெளிப்போர், வார்ப்படம் வார்ப்போர். அப்பால் ரோஜாப் பண்ணைகள், கருங்கல் குவாரிகள். அண்மை ஆண்டுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கும் தொழிலாளர்.

1980களில் இருபது வயதில் இந்த ஆலைகளில் சேர்ந்தவருக்கு இப்போது அறுபதைக் கடந்திருக்கும். புற்றுநோய் கூடுதலாகத் தாக்கும் வயது. அவர்களில் பலருடைய திசு ஓசூர்ச் சாலையின் ஏதோ ஒரு இழுப்பறையில் இருக்கும். அப்படியானால் நம் வட்டாரத்தின் நாற்பதாண்டுத் தொழில் வரலாறு அங்கே மெழுகில் எழுதிக் கிடக்கிறது என்று மகிழலாமா? மகிழ முடியாது. அதற்குக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, இருப்பிடம். மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு தன் எல்லைக்குள் ஓராண்டேனும் வசித்தவரை மட்டுமே கணக்கில் கொள்ளும். கணக்கியல் நோக்கில் அது சரியான விதி. ஆனால் ஓசூர்ப் பெண் கித்வாயில் மருத்துவம் பார்த்தால் பெங்களூர்ப் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் அப்போது சென்னை நகருக்கே பதிவேடு. மாநிலம் முழுவதையும் தழுவிய தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012இலிருந்துதான் கணக்குத் தருகிறது. இடைப்பட்ட முப்பதாண்டுகள் எங்கள் பக்கத்து நோயாளிகள் மருத்துவமனைக் கோப்பில் இருந்தார்கள். எந்த ஊரின் கணக்கிலும் இல்லை.

இரண்டாவது, பெயர். 'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புதிய ஊர். கர்நாடகத்தில் அப்பெயர் தாங்கிய சிற்றூர்கள் பல. முகவரிப் பத்தியில் வெறுமனே 'ஓசூர்' என்று எழுதினால் அது எந்த ஓசூர் என்று பிற்காலத்தில் எவரும் துணிய முடியாது. நோயாளியின் பெயரோ தமிழில் ஒரு முனியம்மா, கன்னட எழுத்தரின் கையில் இன்னொரு முனியம்மா, ஆங்கில அறிக்கையில் மூன்று விதமான முனியம்மா. தந்தை பெயரின் தலையெழுத்து ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் துன்பம் புரியும்.

மூன்றாவதும் கொடியதுமானது, தொழில். திசுவோடு ஆய்வகத்துக்குச் செல்லும் சீட்டில் வயது, பால், உறுப்பு, ஐயப்படும் நோய் ஆகியவை எழுதப்படும். என்ன வேலை செய்தார் என்ற இடம் பெரும்பாலும் வெற்றாக இருக்கும், அல்லது 'கூலி' என்றிருக்கும். ஆண்களுக்குக் கூலி, பெண்களுக்கு 'இல்லத்தரசி'. ரோஜாப் பண்ணையில் இருபதாண்டு மருந்து தெளித்தவரும் இல்லத்தரசிதான்.

தொழிலை எழுதுவதால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1775இல் இலண்டனில் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் சிறுவர்களுக்கு வளர்ந்தபின் வரும் விரைப்பைப் புற்றுநோயைக் கரியோடு இணைத்தார். 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டுணர்ந்தார். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மூவர் நுரையீரல் உறையில் வரும் அரிய புற்றுநோய் 33 பேருக்கு வந்ததைப் பதிவுசெய்தனர். நுண்ணோக்கி நோயின் பெயரை மட்டுமே சொன்னது. ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், எங்கே வேலை செய்தார் என்று ஒருவர் பொறுமையாகக் கேட்டபோதுதான் ஏறத்தாழ அனைவரும் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையவர் என்பது வெளிப்பட்டது. உலகெங்கும் கல்நார்த் தடைக்கு வித்திட்டது அந்தக் கேள்வி.

ஓசூரின் ஆலைகளோ பண்ணைகளோ புற்றுநோய் தந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதற்கும் அதை மறுப்பதற்கும் வேண்டிய சான்று உருவாகும்போதே ஊமையாக்கப்படுகிறது என்பதே என் கவலை. கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்தியது. குவாரித் தொழிலாளியின் நுரையீரல் பிளாக் அலமாரியில் இருந்து, அவர் குவாரியில் உழைத்தவர் என்ற ஒரு சொல் உடன் இல்லையென்றால், அது பீடி குடித்த இன்னொருவரின் பிளாக்கிலிருந்து எந்த வகையிலும் வேறுபடாது.

ஓசூர், பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்டு மாண்டவன் பெயர், ஊர், ஆண்ட மன்னனின் ஆண்டு ஆகியவை பொறித்த கல் வரலாற்றாசிரியனிடம் பேசும். எழுத்து தேய்ந்த கல்லும் வீரனின் கல்தான். ஆனால் அது யார் என்று தெரியாமல் நிற்கும், சில இடங்களில் துணி துவைக்கப் பயன்படும். பிளாக்கும் அதன் சீட்டும் பிரிந்தால் நேர்வது இதுவே.

என் பழைய மாணவர் ஒருவர் ஓசூர் ஆலையொன்றில் பணிபுரிகிறார். அவர் தாயாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூரில் மார்பக அறுவை நடந்தது. அண்மையில் நோய் எலும்பில் தலைகாட்டியபோது பெங்களூர் மருத்துவர் முதல் கட்டியின் பிளாக்கைக் கேட்டார். பழைய கட்டியின் இயல்பையும் புதியதின் இயல்பையும் ஒப்பிட்டால் மருந்தைத் தேர்வது எளிது என்றார். மாணவர் தேடிப் போனார். அந்தச் சிறிய ஆய்வகம் இருந்த இடத்தில் கைபேசிக் கடை இருந்தது. உரிமையாளர் தொழிலை விட்டு வேறூர் போய்விட்டார்; பிளாக்குகள் என்னவாயின என்று அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியவில்லை. "அம்மாவோட ஒரு பகுதியையே தொலைச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகள் நெருப்பில் இடப்பட்ட செய்தியை உ.வே.சா. எழுதியிருப்பதை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அன்று அது பாடமாகத் தோன்றவில்லை.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்றாண்டு காக்கச் சொல்கிறது. அமெரிக்க நோயியலாளர் கல்லூரியின் விதி பிளாக்கைக் குறைந்தது பத்தாண்டு காக்கச் சொல்கிறது. மார்பகப் புற்றுநோய் பதினைந்தாண்டுக்குப் பின்னும் திரும்பி வரக்கூடியது. நோய்க்கு இருக்கும் நினைவாற்றல் நம் அலமாரிகளுக்கு இல்லை.

*

சுவடிக்கும் பிளாக்குக்கும் ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் உவமை பொய்யாகிவிடும். சுவடியைப் படித்தால் சுவடி குறைவதில்லை. பிளாக்கை வாசிக்க வேண்டுமென்றால் அரிந்தாக வேண்டும். ஒவ்வொரு வாசிப்பும் அதைச் சற்றே தின்றுவிடுகிறது. 1998இல் கோனோனென், கல்லியோனியெமி குழுவினர் 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழல் திசுக்களை நூற்றுக்கணக்கில் ஒரே மெழுகில் நட்டு, ஒரு சீவலில் பல நோயாளிகளை ஒருங்கே பார்க்கும் முறையைக் கொண்டுவந்ததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் 2003இல் முதலில் அகழ்ந்தார்கள். 2021இல் மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த மாதிரிகள் தமிழகத்து இரும்பின் காலத்தை கி.மு. 2172 வரை கொண்டுசென்றன. முதல் அகழ்வில் முழு மேட்டையும் தோண்டித் தீர்த்திருந்தால் இரண்டாவது நிகழ்ந்திருக்காது. நல்ல அகழாய்வாளர் ஒரு பகுதியைத் தமக்குப்பின் வருபவருக்கு விட்டுவைப்பார். நல்ல நோயியலாளரும் அவ்வாறே. அதுவும் முதல் உரிமை ஆராய்ச்சிக்கு அல்ல. நோயாளிக்கு நாளை தேவைப்படலாம் என்பதற்கு.

உரிமை என்றதும் ஹென்றியட்டா லேக்ஸ் நினைவுக்கு வருவார். 1951இல் பால்ட்டிமோரில் இறந்த அந்தக் கருப்பினப் பெண்ணின் கட்டி உயிரணுக்கள் அவர் அறியாமலே வளர்க்கப்பட்டு, உலகெங்கும் விற்கப்பட்டன. அவர் குடும்பம் ஒரு நிறுவனத்தோடு உடன்பாடு கண்டது 2023இல்தான். இங்கிலாந்தில் குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோர் அறியாமல் வைத்திருந்த ஆல்டர் ஹே மருத்துவமனை விவகாரம் 1999இல் வெடித்து, 2004இல் மனிதத் திசுச் சட்டத்தில் முடிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் திசு வங்கிகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளன. எதிர்கால ஆய்வுக்கு ஒப்புதல் பெறவேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அடையாளம் நீக்கப்பட்ட மிச்சத் திசுவுக்கு நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம்.

நெறி நன்று. நடைமுறையில் கையொப்பம் எந்த மொழியில் வாங்கப்படுகிறது? எல்லை கடந்து சென்ற கெலமங்கலத்துப் பெண்ணின் முன் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ அச்சிட்ட தாள் நீட்டப்பட்டால், அறுவைக்கு முந்தைய நாள் இரவில் அவள் எதற்கு ஒப்புகிறாள்? 'உங்கள் நோய்க்கட்டியில் மிஞ்சுவதைப் பத்திரமாக வைப்போம். நாளை உங்களுக்கே தேவைப்படலாம். பிறருக்கு உதவும் ஆய்வுக்கும் பயன்படலாம். வேண்டாம் என்றால் சொல்லலாம், மருத்துவம் குறையாது' என்று நான்கு எளிய வரிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதுவது அரிய செயல் அன்று. மொழி கற்பிக்கும் எங்களைப் போன்றவர்கள் மருத்துவர்களோடு அமர்ந்து செய்யவேண்டிய பணி அது. நம் ஊர்க்காரர்கள் கொடுக்க மறுப்பவர்கள் அல்லர். கேட்காமல் எடுத்துக்கொள்ளும்போதுதான் கொடை களவாகிறது.

*

போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் 11 புதிய கல்லூரிகளுள் ஒன்றாக 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் நோயியல் துறை இருக்கும். நோயியல் துறை என்றால் ஓர் அலமாரி. எங்கள் மாவட்டம் தன் திசுக்களைத் தன்னிடத்தில் சேர்க்கும் வாய்ப்பு முதன்முறையாக இப்போதுதான் வந்திருக்கிறது. பெங்களூரின் பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட அது சிறிது; ஆனால் அந்த நிறுவனங்கள் தொடக்கத்தில் தவறவிட்டதை இங்கே முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

வேண்டுவன எளியவை. அறுவையறையில் எடுத்த திசு மணிக்கணக்கில் வெறுமனே கிடக்காமல் உடனே தக்க ஃபார்மலினில் சேரவேண்டும். மார்பகக் கட்டியாயின் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் பதப்படுத்தல் முடியவேண்டும். இல்லையேல் எவ்வளவு காலம் காத்தாலும் ஏற்பிச் சோதனைகள் பொய் சொல்லும். சீட்டில் ஊரோடு வட்டமும் மாவட்டமும் எழுதவேண்டும். 'கூலி' என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாமல், எங்கே, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று கேட்கவேண்டும். எலியும் ஈரமும் அண்டாத அறை வேண்டும். ஆய்வகம் மூடப்படும்போது பிளாக்குகளை ஒப்படைக்க ஓர் இடம் இருக்கவேண்டும்; ஆவணக் காப்பகம் போல, மாவட்டத்துக்கு ஒன்று. நோயாளி பிழைத்தாரா, எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதை எல்லைக்கு இருபுறமும் உள்ள பதிவேடுகள் தம்முள் பகிர்ந்துகொள்ளவேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்புத் தேவையில்லை. எழுத்தரின் பேனாவும் ஒரு மருத்துவரின் ஐந்து நிமிடமும் போதும்.

1982இல் பிளாக்கைப் பதித்த ஆய்வக ஊழியருக்கு 2004 என்ன கேட்கும் என்று தெரியாது. இன்று போலுப்பள்ளியில் மெழுகு உருக்குகிறவருக்கும் 2050 என்ன கேட்கும் என்று தெரியாது. தெரியாத கேள்விக்கு விடையை இப்போதே எழுதிவைக்க ஒரே வழி, தெரிந்ததை எல்லாம் ஒழுங்காக எழுதிவைப்பது.